ஏழு வண்டி நீளம்

இப்படி உட்காருங்கள் தம்பி. அந்தப் பெஞ்சில் பதினோரு மணிக்கு வெயில் ஏறிவிடும். இந்தக் கலெக்டர் ஆபீசில் எந்த நேரத்துக்கு எங்கே நிழல் விழும் என்று எனக்குத் தெரியும். குறைதீர்க்கும் நாள் என்று திங்கட்கிழமை தோறும் நடத்துகிறார்களே, ஆவணியிலிருந்து இன்றுவரை நான் வராத திங்கள் இரண்டோ மூன்றோதான். அதுவும் அவர்களாக லீவு விட்டது.

உங்கள் சீட்டில் என்ன எண்? இருநூற்று முப்பத்தொன்றா. எனக்கு இருநூற்றுப் பதினாலு. உள்ளே இப்போது நூற்றைம்பது போய்க்கொண்டிருக்கிறது. வாசலில் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி முகர்ந்து பார்த்தார்களா? பார்ப்பார்கள். மனு கொடுக்க வருகிறவன் மண்ணெண்ணெயோடு வருவான் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது பாருங்கள்.

மனுவைக் காட்டுங்கள். தெருவிளக்கா? சரி. ‘சமூகம் ஐயா அவர்களின் பாதம் பணிந்து தாழ்மையுடன்...’ யார் எழுதியது, வாசலில் மேசை போட்டிருக்கிறானே அவனா? இதை அடியுங்கள். இந்தாருங்கள் பேனா. தெருவில் விளக்கு எரிய வேண்டும் என்று கேட்க எதற்கய்யா தாழ்மை? முதல் வரியில் கோரிக்கை. இரண்டாம் வரியில் காரணம். மூன்றாம் வரியில் கெடு. கீழே கையெழுத்து. நாலு வரியில் சொல்ல முடியாத கோரிக்கை உலகத்தில் கிடையாது.

என் பெயர் ப. சோலைமலை. நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பஞ்சாலையில் முப்பத்தோரு வருஷம். பதினோரு வேலைநிறுத்தம். மூன்று முறை சிறை. ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்கு மேல் படித்ததெல்லாம் நோட்டீசில். ஆலை வாசலில் கூட்டம் போட்டுக் கையில் திணிப்பார்களே, அந்தத் துண்டுப் பிரசுரம்தான் என் பள்ளிக்கூடம். ‘முதலாளித்துவம்’ என்று எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் நான் ‘காதல்’ என்று படித்தேன். பிறகு நானே எழுத ஆரம்பித்தேன். நான் எழுதிய நோட்டீசை மேனேஜர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். பயத்தில்தான்.

நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று கேட்கிறீர்கள். நடைபாதை விஷயம். நடைபாதையில் கார் நிறுத்தக் கூடாது என்று எங்கள் தெருவுக்குத் தடை வாங்கியவன் நான். பேப்பரில் வந்தது. இல்லை, அது முடிந்துவிட்டது. ஜெயித்தாகிவிட்டது. இப்போது வந்திருப்பது அதற்கு அடுத்த கோரிக்கை. ஒன்றை வாங்கினால் அடுத்தது பிறக்கும், போராட்டம் என்றால் அப்படித்தான்.

என் மனைவி தவமணிக்குப் போன ஆடியில் பக்கவாதம். இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். “தெனமும் அரை மணி நேரம் வெளிய நடக்கணும். ஒரு வருஷத்துக்குள்ள வர்ற நடைதான் நடை. அதுக்கப்புறம் கால் மரக்கட்டை.” இது மாசி. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், எத்தனை மாதம் மிச்சம் என்று.

எங்கள் வீடு இரண்டு அறை. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு எட்டு எட்டு. தெருவில்தான் நடக்க வேண்டும். தெருவில் நடைபாதை இருக்கிறது, நாலரை அடி அகலம், கல் பாவியது. அதில் வரிசையாக ஏழு கார். வீட்டு வாசலில் தொடங்கி முக்கு வரைக்கும். முதல் வண்டி வெள்ளை வண்டி, பக்கத்து வீட்டுத் தனுஷ்கோடியுடையது. பெயின்ட் கடை வைத்திருக்கிறான். முப்பதடி மனையில் மூன்று மாடி கட்டினான், காருக்கு ஒரு மூலை விட்டானா? விடவில்லை. கேட்டால் என்ன சொல்கிறான் தெரியுமா? “அண்ணே, வண்டியத் தலையில தூக்கிக்கிட்டா போக முடியும்? ரோட்டுல விட்டா லாரிக்காரன் இடிச்சிட்டுப் போறான். பிளாட்பாரம் சும்மாதானண்ணே கெடக்கு.”

சும்மா கிடக்கிறதாம்! நடக்கிறவனுக்கு விட்ட இடம் சும்மா கிடக்கிறதாகத்தான் காரில் போகிறவனுக்குத் தெரியும். ஓடுவதற்கு அவனுக்கு ரோடு. நிற்பதற்கு நடைபாதை. நடப்பவன் எங்கே போவான் தம்பி? பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸுக்கும் காருக்கும் நடுவே பக்கவாட்டில் நடந்து போவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? முதுகுப்பையைக் கழற்றி மார்பில் கட்டிக்கொண்டு நண்டு மாதிரி போகும். அதைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்று காபி குடிக்கிறான் ஒருவன். எனக்கு வயிறு எரியும். இப்போதும் எரிகிறது.

முதல் வாரம் நானே தவமணியைக் கையைப் பிடித்து அழைத்துப்போனேன். பிடிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டெட்டு வைத்தால் தனுஷ்கோடி வண்டி. நின்றேன். கதவைத் தட்டினேன். வண்டியை எடு என்றேன். அவன் சாவியைத் தேடுகிறேன் என்கிறான், நான் சட்டம் சொல்கிறேன், தெரு கூடுகிறது. தவமணி வலது கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அரை மணி நேரம். மறுநாள் அவன் எடுத்துவிட்டான், ஆனால் இரண்டாவது வண்டி நிற்கிறது. அது ஓர் ஆடிட்டருடையது. அங்கே நின்று அவனோடு பேசினேன். விடுவேனா? மூன்றாம் நாள் அவளே சொன்னாள். “நீங்க வரவேணாங்க. உங்களுக்கு ஆயிரம் சோலி இருக்கும்.”

அந்தப் பெருந்தன்மை அவளுக்கு எப்போதும் உண்டு. நான் சிறைக்குப் போனபோதும் ஒரு சொல் சொன்னதில்லை. போய்ட்டு வாங்க என்பாள், அவ்வளவுதான். என்னைப் போராட்டத்துக்கு விட்டுக்கொடுத்தாள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். “நடைபாதை காலியாகிற வரைக்கும் நீ ரோட்டுல எறங்கி நடக்கக் கூடாது. எறங்குனா அது சரணாகதி. அவனுக்கு இடத்தை எழுதிக் குடுத்த மாதிரி.” தலையை ஆட்டினாள்.

பிறகு போராட்டத்தில் இறங்கினேன். முதல் நோட்டீஸ்: ‘நடைபாதை நடப்பவனுக்கே!’ ஐந்நூறு பிரதி. தகவல் கேட்டு மனு. மேல்முறையீடு. வட்டார அலுவலகத்தின் முன் தர்ணா, அன்றைக்கு வந்தது நாலு பேர், அதில் இருவர் பென்ஷன் விஷயம் விசாரிக்க வந்தவர்கள். இப்போது யார் வருகிறார்கள்? பழைய தோழர்கள் பேத்தியை ஸ்கூலில் விட வேண்டும் என்கிறார்கள். சின்னவர்கள் போனிலேயே புரட்சி செய்துவிடுகிறார்கள். நான் ஒற்றை ஆளாக நின்றேன். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் பூங்கா, பால் பூத், சந்தை என்று கையெழுத்து வாங்கிவிட்டு எட்டரைக்கு வீடு. நாலு மாதம் இப்படி. இரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு கையெழுத்து.

கார்த்திகையில் ஒருநாள் தூறல். பூங்காவில் ஆள் இல்லை. ஏழு மணிக்கே திரும்பிவிட்டேன். தெரு முக்கில் திரும்பினால், தவமணி ரோட்டில் நிற்கிறாள்! வீட்டிலிருந்து ஐந்து வண்டி தள்ளி. தலை முழுக்கத் தூறல். வலது கை சிவப்பு வண்டியின் கூரைமேல். பின்னால் அந்த ஃபிசியோதெரபிப் பெண் ரோஸ்லின் குடையோடு வருகிறாள். எதிரே பஸ் ஒன்று வந்துகொண்டிருக்கிறது.

என்ன செய்தேன் தெரியுமா? கோபத்தை அடக்கினேன். நாற்பது வருஷப் பயிற்சி. கையில் போன் இருக்கிறது. இதைவிட வேறு சாட்சி என்ன வேண்டும்? “தவமணி, அங்கயே நில்லு! அசையாத!” என்றேன். நின்றாள். பஸ்ஸும் அவளும் ஒரே படத்தில் விழ வேண்டும், அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருந்தது. நாலு படம் எடுத்தேன். கால் நடுங்கியது அவளுக்கு. நடுக்கம் படத்தில் வராது, அதுதான் எனக்கு வருத்தம்.

இதோ, பையில் வைத்திருக்கிறேன். பாருங்கள். நடைபாதையில் கார், நடுரோட்டில் பக்கவாத நோயாளி, பின்னால் பஸ். எந்த அதிகாரிக்கும் இதற்குப் பதில் கிடையாது. ஆமாம், சிரிக்கிறாள். நீங்களும் அதைத்தான் கேட்கிறீர்கள். பேப்பர்க்காரனும் கேட்டான், சிரிக்காத படம் இல்லையா என்று. போன் கண்டால் சிரிக்கிற காலம், வேறென்ன.

பேப்பரில் படம் வந்த மூன்றாம் வாரம் உத்தரவு. மார்கழி ஆறாம் தேதி. கம்பம் நட்டுப் பலகை மாட்டினார்கள். இழுத்துப்போகிற வண்டி இரண்டு நாள் தெருவில் நின்றது. ஏழு காரும் போய்விட்டன. இரண்டு தெரு தள்ளி ஒரு காலி மனையில் மாத வாடகைக்கு நிறுத்துகிறார்கள். முதல்நாள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடைபாதையில் ஓடின தம்பி. சும்மா ஓடின, போக வேண்டிய இடமில்லாமல். ஒரு பெண் குழந்தை முக்கு வரைக்கும் ஓடிவிட்டுத் திரும்பி ஓடி வந்தது. நான் வாசலில் நின்று பார்த்தேன். என் வாழ்க்கையில் ஜெயித்தவை குறைவு. பதினோரு வேலைநிறுத்தத்தில் எட்டு தோற்றது. இது ஜெயித்தது. முழுசாக.

மிட்டாய் வாங்கித் தெருவுக்குக் கொடுத்தேன். தவமணிக்கு எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலில் உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எல்லா வண்டியும் போயிருச்சா?”

“எல்லாம்.”

“அந்தச் செவப்பு வண்டியுமா?”

“அதைத்தான் முதல்ல இழுத்துட்டுப் போனாங்க!”

மிட்டாயை வாங்கிக்கொள்ளவில்லை. சர்க்கரை கொஞ்சம் உண்டு அவளுக்கு, வாயைக் கட்டுவாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவளைப் புதுப்புடவை கட்டச் சொல்லி வாசலுக்கு அழைத்து வந்தேன். தெருவே நின்றது. நான் முக்கில் போய் நின்றுகொண்டேன், போனோடு. ‘வென்றோம்! நடந்தோம்!’ என்று தலைப்புகூட யோசித்து வைத்திருந்தேன். “நட, தவமணி! இது உன் நடைபாதை!” என்றேன். நடந்தாள். ஓர் எட்டு. இரண்டு. வலது கை பக்கவாட்டில் காற்றைத் துழாவியது. குளத்தில் இறங்குகிறவர்கள் படிக்கட்டைக் காலால் தேடுவார்களே, அப்படிக் கையால் தேடினாள். மூன்றாவது எட்டில் அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டாள். தனுஷ்கோடி ஓடிவந்து தூக்கினான். பக்கத்தில் இருந்தவன் அவன்தானே, நான் முக்கில் அல்லவா நின்றேன்.

தலைசுற்றல் என்றேன். அப்போதுதான் அந்த ரோஸ்லின் வாயைத் திறந்தாள். அந்தப் பெண்ணுக்கு என்னைக் கண்டால் ஆகாது.

“தலசுத்தல் இல்ல சார். அம்மா அந்த வண்டிகளைப் பிடிச்சுத்தான் நடந்தாங்க. வலது கைக்குப் பிடி வேணும். குச்சியக் குடுத்தா, அதுவும் என்னோட சேர்ந்து ஆடுதுன்னு சொல்றாங்க. அசையாத ஒண்ணு வேணும் அவங்களுக்கு. மொத நாள் வெள்ளை வண்டி தாண்டுனாங்க. பத்து நாள்ல ரெண்டாவது. நீங்க ஃபோட்டோ எடுத்தீங்களே, அன்னைக்கு அஞ்சாவது வண்டி சார். மொதமொதல்ல அஞ்சாவது. ஏழாவது தாண்டிட்டா அப்புறம் பிடி இல்லாம பழக்கலாம்னு இருந்தேன்.”

அது மட்டுமா? எல்லோரும் சேர்ந்து செய்திருக்கிறார்கள். தனுஷ்கோடி அவள் பிடிக்கட்டும் என்று கண்ணாடியை மடக்காமல் விடுவானாம். அதிகாலையில் மார்க்கெட் போய்விட்டு வந்து நிறுத்துவதால் அவன் வண்டி முன்பக்கம் சூடாக இருக்குமாம், விறைத்த விரலுக்கு அது இதம் என்று இவள் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாளாம். வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே இடைவெளி இல்லாமல் நெருக்கி நிறுத்தச் சொன்னதே இவள்தானாம்! நான் அங்கே பால் பூத்தில் நின்று வண்டிகளுக்கு எதிராகக் கையெழுத்து வாங்குகிறேன், இங்கே என் வீட்டுக்காரி வண்டிக்காரர்களோடு கூட்டு.

ஆலையில் இதற்கு ஒரு பெயர் உண்டு தம்பி. வேலைநிறுத்தத்தின்போது பின்வாசல் வழியாக வேலைக்குப் போகிறவனுக்கு. கருங்காலி. அவளை அப்படிச் சொல்லவில்லை நான். வாய் வரை வந்தது. சொல்லவில்லை. “எங்கிட்ட ஏன் சொல்லல?” என்று மெதுவாகத்தான் கேட்டேன். தவமணி ஒரே கேள்வி கேட்டாள். “உங்ககிட்டச் சொன்னா விட்டிருப்பீங்களா?” விட்டிருக்க மாட்டேன். அதிலென்ன தப்பு?

அதன் பிறகு அவள் வாசல் தாண்டவில்லை. ஒரு மாதம். ரோஸ்லின் சுவரைப் பிடித்து நடக்கவைக்கலாம் என்றாள். தெருச் சுவர் ஓரம் முழுக்கப் படியும் சாக்கடைத் திறப்பும். வீட்டுக்குள் எட்டு எட்டு. கணுக்கால் இறுக ஆரம்பித்துவிட்டது, பிடித்து வளைத்தால் கத்துகிறாள்.

தை மாதம் தனுஷ்கோடி வந்தான். உட்காரக்கூட இல்லை. “அண்ணே, நாங்க ஏழு பேரும் பேசிட்டோம். காலையில ஆறரையில இருந்து ஏழரை வரைக்கும், ஒரே ஒரு மணி நேரம், வண்டியக் கொண்டாந்து பழையபடி நிப்பாட்டுறோம். மதினி நடந்து முடிச்சதும் எடுத்துர்றோம். ஆடி வரைக்குந்தானண்ணே.”

நான் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். அவன் கண்ணில் கள்ளம் இல்லை, அதையும் பார்த்தேன். ஆனால் தம்பி, இன்றைக்கு ஒரு மணி நேரம். நாளைக்கு ஆடிட்டர் மாமியாருக்கு மூட்டு வலி. அதற்கடுத்த நாள் கல்யாணம், காதுகுத்து. தடை என்றால் தடை. இரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு பேர் கையெழுத்து. அந்தப் பெண் குழந்தை ஓடியது. என் வீட்டுக்காக நானே விதியைத் தளர்த்தினால் நாளைக்கு எந்த முகத்தோடு நோட்டீஸ் எழுதுவேன்? “முடியாது” என்றேன். “நிப்பாட்டுனா போலீசுக்குப் போன் பண்ணுவேன்.”

“பண்ண மாட்டீங்கண்ணே” என்று சிரித்துக்கொண்டே போனான்.

அவனுக்கு என்னைத் தெரியவில்லை. மறுநாள் ஆறரை மணிக்கு ஏழு வண்டியும் வந்து நின்றன. சிவப்பு வண்டிகூட. தவமணி வெளியே வந்தாள், ஒரு மாதத்துக்குப் பிறகு. வெள்ளை வண்டியின் முன்பக்கத்தில் கையை வைத்தாள். வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். ஆடிட்டர் ஸ்டூல் ஒன்று கொண்டு வந்து வைக்கிறார், உட்கார வேண்டுமென்றால் உட்காரலாம் என்று. நான் வாசலில் நின்றுகொண்டுதான் போன் செய்தேன். ஒளிந்துகொண்டு செய்யவில்லை. எதையும் நான் ஒளிந்து செய்ததில்லை.

இருபது நிமிஷத்தில் வந்துவிட்டார்கள். கொலை என்றால் வர மாட்டார்கள் இவ்வளவு சீக்கிரம். தவமணி அப்போது நாலாவது வண்டியில் இருந்தாள். போலீஸ்காரர் வெள்ளை வண்டிக்குச் சக்கரத்தில் பூட்டு மாட்டினார். இரண்டாவதுக்கு மாட்டினார். நாலாவதுக்கு வந்து குனிந்தவர் நிமிர்ந்து, “அம்மா, கொஞ்சம் கைய எடுங்க” என்றார். தவமணி எடுக்கவில்லை. எடுத்தால் விழுந்துவிடுவாள். அவர் என்னைப் பார்த்தார். “பெரியவரே, இந்தம்மா படத்தப் போட்டுத்தான தடையே வாங்குனீங்க?”

“ஆமா. அதனாலதான் கூப்பிட்டேன்” என்றேன்.

அந்த ஆள் மறுபடி குனிந்தார். அவள் கையை வைத்திருந்த வண்டிக்கே பூட்டை மாட்டிவிட்டு அபராதச் சீட்டைக் கண்ணாடியில் செருகினார். தனுஷ்கோடி பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான். “அண்ணே, நீங்க செயிச்சிட்டீங்க. போதும்ணே.” சொல்லிவிட்டு ரோஸ்லினோடு சேர்ந்து அவளைத் தாங்கி வீட்டுக்குள் கொண்டுபோனான். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அவர்களுக்கு அபராதம் விழுந்ததால் என்று நினைக்காதீர்கள். ஒரு பயல் கூட, நீங்கள் செய்தது சரி என்று சொல்லவில்லை. இரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு பேரில் ஒரு பயல்.

தெரிகிறது, நீங்கள் என்ன கேட்க வருகிறீர்கள் என்று. ரோஸ்லினும் கேட்டாள், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு. “சார், கார் வேணாம். சரி. நீங்க தோளைக் குடுங்களேன்? நீங்க முன்னால மெதுவா நடந்தா, அவங்க பிடிச்சுக்கிட்டு வருவாங்க. ஒரு மணி நேரந்தான?” உங்களுக்கும் அதுதான் கேள்வி. எல்லோருக்கும் அதுதான் கேள்வி. நான் சொல்கிறேன். நான் தோள் கொடுத்தால் அது என் வீட்டு ஏற்பாடு. எனக்கு எழுபத்து மூன்று. நான் போய்விட்டால்? தெருவில் இதேபோல் இன்னொருத்திக்கு வந்தால், அவளுக்கு எந்தத் தோள்? உதவி வேறு, உரிமை வேறு. உதவியை வாங்கிக்கொள்கிறவன் உரிமையைக் கேட்க மாட்டான். இதை நான் எத்தனை வாயிற்கூட்டத்தில் பேசியிருக்கிறேன்! கைதட்டுவார்கள்.

அதனால்தான் இந்த மனு. நடைபாதையின் ஓரம் நெடுகக் கைப்பிடிக் கம்பி. இரும்புக் குழாய், ஏழு வண்டி நீளத்துக்கு. படியுங்கள். முதல் வரியில் கோரிக்கை, இரண்டாம் வரியில் காரணம், மூன்றாம் வரியில் கெடு. போன வாரமே கொடுத்தேன். திருப்பிவிட்டார்கள். கம்பி எந்த உயரத்துக்கு என்று குறிப்பிடவில்லையாம். அந்தக் கிளார்க் பெண் வேண்டுமென்றே செய்கிறாள். இருக்கட்டும். அளவு வேண்டுமா, அளவோடு வருகிறேன் என்று வந்துவிட்டேன்.

இன்று காலை அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். மேசையில் உட்கார்ந்து. எந்த உயரம் போடுவது என்று புரியவில்லை. அப்போது தவமணி கட்டிலிலிருந்து எழுந்தாள். தானாக. கட்டில் விளிம்பு, பீரோ, சுவர் என்று பிடித்துப் பிடித்து என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. வலது கையை என் தோள்மேல் வைத்தாள். அழுத்தி. எடை முழுவதும் அந்தக் கையில்தான் இருந்தது, எனக்குத் தெரிந்தது.

“எந்திரிங்க” என்றாள். போலீஸ் வந்த நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் சொல். “வெளிய போவோம்.”

எனக்கு ஒரு நொடி ஒன்றும் ஓடவில்லை தம்பி. பிறகு பளிச்சென்று புரிந்தது. மனுவில் உயரம் இல்லை என்று திருப்பியது அவளுக்குத் தெரியும். படித்தவள் இல்லை, ஆனால் கவனிப்பாள். அவள் கை எந்த உயரத்தில் நிற்கிறதோ அதுதானே கம்பியின் உயரம்! “அசையாத!” என்றேன். மேசை டிராயரில் தையல் டேப் கிடந்தது. உட்கார்ந்தபடியே தரையில் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு தோள்வரை பிடித்தேன். மூன்றடி இரண்டு அங்குலம். இரண்டு தடவை பார்த்தேன், தவறு வந்துவிடக் கூடாதே.

“எந்திரிங்கன்னேன்” என்றாள் மறுபடியும்.

“இரு, எழுதிர்றேன். எட்டு மணி பஸ்ஸை விட்டா டோக்கன் பின்னால போயிரும்.”

எழுதினேன். தரைமட்டத்திலிருந்து மூன்று அடி இரண்டு அங்குலம். அவள் நின்றுகொண்டே பார்த்தாள்.

“எழுதியாச்சா?”

“எழுதியாச்சு.”

கையை எடுத்துவிட்டாள். சுவரைப் பிடித்துக் கட்டிலுக்குத் திரும்பிப் போனாள். போகட்டும். அளவு கிடைத்துவிட்டது. இனி எந்தக் குறையும் சொல்லித் திருப்ப முடியாது.

நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? உங்கள் மனுவையும் கொடுங்கள், விளக்குக் கம்பத்துக்கு உயரம் போட்டிருக்கிறீர்களா? போடவில்லையா? போடுங்கள், போடுங்கள். அதைச் சொல்லித்தான் திருப்புவார்கள்.

என்ன, இருநூற்றுப் பதினாலா? நான்தான். வருகிறேன், வருகிறேன். கொஞ்சம் இந்தப் பெஞ்சைப் பிடித்துக்கொள்ளுங்கள் தம்பி, ஆடுகிறது. முழங்கால் மரத்துவிட்டது. இல்லை, கையெல்லாம் வேண்டாம். நானே எழுந்துகொள்வேன்.